வேப்ப மரத்தின் இரண்டாம் கவை

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மரம் ஏறுவதையும் மண்மேட்டில் சறுக்குவதையும் பெரியவர்கள் தடுக்கக் கூடாது என்று தாங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மனம் ஒப்பாமல் இதை எழுதுகிறேன். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது. விடுமுறைக்குக் காங்கயம் பக்கம் என் மாமனாரின் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, கட்டுத்தரையை ஒட்டிய வேப்ப மரத்தின் இரண்டாம் கவையில் அவன் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு அலறிவிட்டேன். கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார், "சத்தம் போடாத அம்மிணி, அவனா ஏறுனான், அவனா எறங்கிக்குவான்" என்றார். இறங்கியும் விட்டான்; முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் காலத்தில் வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள். எங்களுக்கு இருப்பவன் ஒருவன். கை முறிந்தால் யார் பதில் சொல்வது? பழைய காலத்தின் மீதுள்ள ஏக்கத்தை அறிவுரையாகச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஒரு தாய், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை உயரத்தில் நிற்பதைக் கண்டதும் தாயின் வயிறு பதறுவது இயல்பு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஏக்கம் பற்றி நீங்கள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. எங்கள் காலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கின்றன. என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த ஒருவன் அப்படித்தான் போனான். ஆகவே அந்தக் காலம் அப்படியே திரும்பவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மரம் உங்கள் மகனுக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என் பேத்திக்கு நான்கரை வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறினாள். நான் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றேனே தவிர, தொடவில்லை. இடது காலை ஒரு கொம்பின்மேல் வைத்தாள்; அது காய்ந்த கொம்பு, லேசாகச் சடக்கென்றது. உடனே காலை எடுத்துக்கொண்டு, அடிமரத்தைக் கட்டிப்பிடித்தபடி சற்று நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பச்சைக் கொம்பைக் காலால் ஒருமுறை அழுத்தினாள், இன்னும் பலமாக மறுமுறை அழுத்தினாள், மூன்றாம் முறை அழுத்திப் பார்த்த பிறகே தன் எடையை அதில் வைத்தாள். காய்ந்த கொம்பு தாங்காது என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அவளுடைய பாதத்துக்கு அது தெரிந்திருக்காது. அன்று முதல் எந்த மரத்திலும் அழுத்திப் பார்க்காமல் அவள் கால் வைப்பதில்லை.

உங்கள் மாமனார் சொன்ன சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது: அவனாக ஏறினான் என்பது. தானாக ஏறுகிற பிள்ளை தன் கைக்கும் காலுக்கும் எட்டுகிற உயரம் வரை மட்டுமே போகிறது, அச்சம் தட்டும் இடத்தில் நின்றுகொள்கிறது. நாம் தூக்கி உட்காரவைத்த பிள்ளைக்கோ ஏறிய வழி தெரியாததால் இறங்கும் வழியும் தெரிவதில்லை. எனவே எந்தப் பிள்ளையையும் தூக்கிக் கொம்பில் உட்காரவைக்காதீர்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சான்செட்டர், சிறு பிள்ளைகளின் துணிகர விளையாட்டை 2007-இல் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர்களின் கண்ணுக்கு அப்பால் தனியே போய்வருதல். இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. மரமும் ஆடி நோம்பிக்குக் கட்டும் ஊஞ்சலான தூரியும், மேட்டிலிருந்து இறக்கத்தில் உருட்டிவிடும் டயரும், நுங்கு வண்டிக்குக் கவட்டை சீவும் சூரிக்கத்தியும், மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் கிளுவை வேலிக்குள் ஒளிந்துகொள்வதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகின்றன. உயரத்துக்கு அஞ்சுவது போன்ற சில அச்சங்கள் பிள்ளைக்கு இயல்பிலேயே வருகின்றன என்றும், தாங்கக்கூடிய அளவில் அவற்றைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போதே அவை வடிகின்றன என்றும், 2011-இல் இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து அவர் வாதிட்டார்.

விழுந்தால் பிள்ளை ஆயுளுக்கும் பயந்துவிடும் என்பார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் 1000 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் விழுந்து காயம்பட்டவர்கள், பதினெட்டு வயதில் உயரத்துக்கு அஞ்சுவோரிடையே குறைவாகவே இருந்தார்கள் என்று அதில் தெரியவந்தது. விழுவது மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. துணிச்சலான பிள்ளைகளே அதிகம் ஏறி அதிகம் விழுந்திருக்கலாம். ஒருமுறை விழுந்ததால் மட்டும் அச்சம் குடிகொண்டுவிடுவதில்லை என்ற அளவுக்கு இதிலிருந்து தைரியமாகச் சொல்லலாம்.

கை முறிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். பிள்ளைகளின் முன்கை எலும்பு முறிவு பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடும் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்காது என்று அறிவேன். அடிபட்ட பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் மருத்துவர்களே கனடாவில் இதை எப்படி எடைபோட்டார்கள் என்று சொல்கிறேன். அந்நாட்டுக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், வெளியில் துணிந்து விளையாடுவது பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் வளர்ச்சிக்கும் உதவும் என்றது. பிள்ளைகளுக்கு வேண்டியது தேவையான அளவு பாதுகாப்பு, இயன்ற மட்டும் பாதுகாப்பு அன்று என்றது. பிள்ளை கண்டு எடைபோடக்கூடிய துணிச்சலையும், எடைபோட முடியாத ஆபத்தையும் அது தனித்தனியே வைத்துப் பேசுகிறது.

நம் தோட்டங்களில் இந்த வேறுபாடுதான் உயிர் காக்கும். கொம்பின் உயரம் பிள்ளைக்குத் தெரியும். மேலே சாக்கு போட்டு மறைத்த ஆழ்துளைக் குழாய் தெரியாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு இரண்டு வயதுக் குழந்தையைக் கொண்டுபோனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கீழ்பவானி வாய்க்காலின் மேல்மட்டம் அமைதியாக ஓடும். அடியில் இழுக்கும் வேகம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் சக்கரம், குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த பூச்சிமருந்து, மின்சாரம் பாயும் வேலி ஆகிய எதையும் அவனால் எடைபோட முடியாது. இவற்றில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழாய் வாயை இன்றைக்கே இரும்பு மூடி போட்டு முறுக்கச் சொல்லுங்கள்; நீர் நிலைகளுக்கு அருகே நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் அவன் போகவே கூடாது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கூப்பிடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் கட்டுத்தரை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்த மரத்தடியில் மாடு கட்டும் முளைக்குச்சிகள் அடித்திருக்கிறதா? இருந்தால் அவற்றைப் பிடுங்கி எட்ட அடிக்கச் சொல்லுங்கள். கல் கிடந்தால் அகற்றி, மண்ணைக் கொத்திவிட்டு இளக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அவன் விழுந்தாலும் விழுவது மண்ணில்தான் என்றிருக்கட்டும். காய்ந்த கொம்புகளை உங்கள் மாமனார் கழித்துவிடுவதா, அவனே கண்டுபிடிக்க விடுவதா என்று கேட்டால், தலைக்கு மேலே தொங்கும் பெரிய கொம்பைக் கழித்துவிட்டு, கையால் ஆட்டிப் பார்க்கக்கூடிய சிறியவற்றை விட்டுவைக்கச் சொல்வேன்.

அவன் மேலே இருக்கும்போது, "பாத்துடா, விழுந்துருவே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதைப் பார்ப்பது என்று அதில் இல்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பான், அப்போதுதான் கால் வழுக்கும். "அடுத்த கால எங்க வெக்கப் போற?" என்று மெதுவாகக் கேளுங்கள். "அந்தக் கொம்பு அசையுதா பாரு" என்று சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் மரத்தடிக்குப் போய்ச் சும்மா நில்லுங்கள். நான் கொய்யா மரத்தடியில் நின்ற அந்த ஐந்து நிமிடமும் என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. அது குறைவதற்குப் பல நாட்கள் ஆயின.

ஆடிப் பதினெட்டுக்குத் தோட்டத்துக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். அதே வேப்ப மரத்தில் தூரி கட்டுவார்கள். கயிறு இற்றிருக்கிறதா என்று முறுக்கைப் பிரித்துப் பார்த்து, பெரியவர்கள் இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஆடிய பிறகு அவனை விடுங்கள். முதல் நாள் நீங்களே தள்ளிவிடுங்கள். எவ்வளவு உயரம் என்பதை அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.