எச்டிஎல்வி-1 கிருமியும் எலும்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜப்பானின் கியூஷுவில் பிறந்த என் மனைவிக்கு எச்டிஎல்வி-1 இருக்கிறதாம். எச்ஐவி மாதிரியா? புற்றுநோய் வந்தே தீருமா? (ஈசூன்)

பதில்: இரண்டும் ரெட்ரோவைரஸ் வகை, அத்தோடு சரி. எச்ஐவி, நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை அழிக்கும். இது அவற்றைப் பெருகவிடும். ஏடிஎல் என்னும் ரத்தப் புற்றுநோய் இந்தக் கிருமி உள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கே, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்தே வருகிறது. உடலுறவில் தொற்றும் என்பதால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏடிஎல் உள்ள அப்பாவுக்கு ரத்தத்தில் கால்சியம் லிட்டருக்கு 3.2 மில்லிமோல். ஓயாத தாகம், எந்நேரமும் தூக்கம். பாலை நிறுத்திவிட்டோம். போதுமா? (தோ பாயோ)

பதில்: போதாது. இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். பேச்சு குழறினாலோ எழுப்ப முடியாவிட்டாலோ 995. இந்தக் கால்சியம் பாலில் இருந்து வருவதல்ல, அவருடைய எலும்பில் இருந்தே கரைந்து வருகிறது. புற்றுச் செல்கள் சுரக்கும் பிடிஎச்ஆர்பி போன்ற பொருள்கள் எலும்பை அரிக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்காது. உடல் வறண்டால் கால்சியம் இன்னும் ஏறும். அதனால்தான் முதலில் சலைன் ஏற்றுகிறார்கள். பிறகு எலும்பு அரிப்பைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் 4 மில்லிகிராம், குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். அது வேலைசெய்ய 2 முதல் 4 நாளாகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கால்சிடோனின் ஊசி. இவை அவகாசம் மட்டுமே தரும். புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்காவிட்டால் கால்சியம் மறுபடி ஏறும்.

ரிப்போர்ட்டில் அல்புமின் என்னும் ரத்தப் புரதத்தையும் பாருங்கள். அது லிட்டருக்கு 40 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.02 கூட்ட வேண்டும்: அல்புமின் 30 என்றால் அவருடைய 3.2 உண்மையில் 3.4. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். கால்சியம், வைட்டமின் டி, ரத்த அழுத்தத்துக்கான தயாசைடு மூன்றும் நிலைமையை மோசமாக்கும்.

கேள்வி: சோலெட்ரோனிக் அமில ஊசிக்கு முன் பல் பிடுங்கலாமா? (ஜூரோங்)

பதில்: அவகாசம் இருந்தால் முன்பே பிடுங்கிப் புண்ணை ஆறவிடுங்கள். ஊசிக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் ஆபத்து உண்டு. கால்சியம் ஆபத்தான அளவில் இருந்தால் பல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊசிக்குப் பின் வாயைச் சுற்றி மரத்தாலோ விரல்கள் இழுத்தாலோ கால்சியம் மிகவும் இறங்கியிருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

கேள்வி: கிருமி உள்ள தாய், பால் கொடுக்கலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: பால்மாவே பாதுகாப்பு. பல மாதங்கள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ 5ல் ஒன்றுக்குத் தொற்றுகிறது. பால்மா கொடுத்தால் அது 100க்குச் சுமார் 3ஆகக் குறையும். தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் பல மாதங்கள் தங்கும் என்பதால், குழந்தையை 3 வயதுக்குப் பிறகு பரிசோதியுங்கள்.