புல்லை ஏன் எண்ண வேண்டும்?

கேள்வி: காட்டுயிர் ஆய்வாளராக ஆசை. ஆனால் செடிகொடிகளையும் படிக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

பதில்: நானும் விலங்கைத் தேடித்தான் காட்டுக்குப் போனேன். கொடுத்த வேலையோ, 1 மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, மண்டியிட்டு நாற்றுகளை எண்ணுவது. மான் நுழையாதபடி வேலி போட்ட இடத்தில் மூன்றாம் ஆண்டு மரக்கன்றுகள் முழங்கால் உயரம். வெளியே அதே மரத்தின் கன்று விரலளவுதான். நுனி பிய்ந்திருந்தால் மான். கத்தியால் சாய்த்துச் சீவியதுபோல் இருந்தால் முயல். விலங்கையே பார்க்காமல் அதன் பசியைப் படித்துவிடலாம், எனக்கு இன்றும் சிலிர்க்கும்!

ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில், மாடுகளையும் காட்டு விலங்குகளையும் கொல்லும் வெக்கை நோய் 1960களில் ஒழிந்தபின், வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் போன்ற விலங்கின் கூட்டம் பெருகி 10 லட்சத்தைத் தாண்டியது. புல்லை அவை மேய்ந்துவிட, காட்டுத்தீ குறைந்தது, மரங்கள் பெருகின. விலங்கும் செடியும் இப்படிப் பின்னிக்கிடப்பதால், இலையுதிர்ந்த பருவத்திலும் மொட்டைப் பார்த்தே செடியின் பெயர் சொல்லப் பழகிக்கொண்டு வாருங்கள்.