மாடிவீட்டு எத்தியோப்பிய மாணவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் எத்தியோப்பிய மாணவர் ஒருவர் குடியிருக்கிறார், பி.எச்டி. படிக்கிறார். வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். சைவச் சாப்பாடுதான், ஆனாலும் தயிர், பாயசம், நெய் எதையும் தொடவில்லை. பிடிக்கவில்லையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பிடிக்காமல் இல்லை, அன்று அவருக்கு நோன்பாக இருந்திருக்கும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்கள். இறைச்சி, முட்டையோடு பால், தயிர், வெண்ணெய், நெய்யும் விலக்கு. பலர் பிற்பகல் வரை வாயில் எதுவும் போட மாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு 55 நாள். ஈஸ்டர் முடிந்த 50 நாட்களில் மட்டும் புதன், வெள்ளிக் கட்டுப்பாடு கிடையாது.

நம் சமையலில் இதற்குப் பெரிய மாற்றம் தேவையில்லை. சாம்பார், வத்தக்குழம்பு, தேங்காய் போட்ட பொரியல் எல்லாம் அப்படியே ஆகும். தாளிப்பு மட்டும் எண்ணெயில் இருக்கட்டும். பருப்பில் நெய் விட வேண்டாம். பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் வையுங்கள். காபி என்றால் பால் கலக்காமல். தோசை, ஆப்பம் அவருக்குச் சட்டென்று பழகிவிடும். அவர்களுடைய இன்ஜெராவும் டெஃப் என்ற சிறுதானிய மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, ஒரே பக்கம் வேகவைத்து எடுப்பதுதான். காரத்துக்கு அவர்கள் அஞ்சுவதில்லை.

எத்தியோப்பியர்களில் முஸ்லிம்களும் ஏராளம். ஆகவே, கூப்பிடும்போதே "அன்றைக்கு நோன்பு உண்டா, எதைத் தவிர்ப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பன்றி இறைச்சி மட்டும் இரு சமயத்தாருக்குமே ஆகாது.

கேள்வி: வகுப்பில் எத்தியோப்பிய நண்பரை எல்லோரும் இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோம். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிறது.
– மாணவர், சென்னை

பதில்: நீங்கள் கூப்பிடுவது அவருடைய அப்பாவின் பெயரை! அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. முதலில் தன் பெயர், அடுத்து அப்பா பெயர், சில இடங்களில் தாத்தா பெயரும் சேரும். நாம் இன்ஷியலாக முன்னால் போடுவதை அவர்கள் முழுசாகப் பின்னால் எழுதுகிறார்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற அபேபே பிகிலாவை எடுத்துக்கொள்ளுங்கள்: அபேபே அவர் பெயர், பிகிலா தந்தை பெயர். பெண்களும் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை. எனவே முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

படிவங்களில் மட்டும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்பச் சொல்லுங்கள். சான்றிதழில் ஒரு மாதிரியும் விசாவில் ஒரு மாதிரியும் இருந்தால் பின்னால் பெரிய அலைச்சல்.

கேள்வி: மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர் காலை ஒன்பதுக்கே வந்து நின்றார். ஏன்?
– வாசகர், வேலூர்

பதில்: எத்தியோப்பியக் கடிகாரம் விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. 6 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். வந்த புதிதில் இந்தக் குழப்பம் இருக்கும். "காலை ஒன்பது, இந்திய நேரம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கும் நம்முடையதைவிட 7 அல்லது 8 ஆண்டு பின்தங்கியது, மாதங்களும் 13. பழைய பள்ளிச் சான்றிதழில் வருடம் பொருந்தாவிட்டால் போலி என்று சந்தேகப்படாதீர்கள்.

கேள்வி: "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. எதைப் பேசலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பஞ்சத்தைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். "நீங்கள் எந்த இனம்?" என்ற கேள்வியும் வேண்டாம். 2020 முதல் 2022 வரை நாட்டின் வடக்கே டிக்ரே பகுதியில் நடந்த போரின் காயம் ஆறவில்லை. அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

தாராளமாகப் பேசக்கூடியது எழுத்து. எத்தியோப்பியாவின் முக்கிய மொழியான அம்ஹாரிக்கில் 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் உயிரொலிக்கு ஏற்ப 7 வடிவம். க, கா, கி எழுதிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். அரை மணி அவர் சொல்லித்தரட்டும், அரை மணி நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுங்கள். முதல் பாடம் பஸ்ஸிலும் கடையிலும் பேசும் பத்து வாக்கியங்களாக இருக்கட்டும். இலக்கணத்தில் தொடங்கினால் இரண்டாம் வாரமே சலித்துவிடும்.

பேசும்போது அவர் சட்டென்று மூச்சை உள்ளிழுத்தால் திடுக்கிட்டார் என்று நினைக்காதீர்கள், அது "ஆமாம்". நாம் தலையை இருபுறமும் ஆட்டி "சரி" என்பது அவருக்கு "இல்லை" என்று படலாம். வாயாலும் சொல்லிவிடுங்கள்.

காபிக்கு அழைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். பச்சைக் கொட்டையைக் கண்முன்னே வறுத்து, புகை எழும் சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவருவார்கள். கையால் புகையை முகத்துப் பக்கம் இழுத்து முகர வேண்டும். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துபோவது மரியாதை இல்லை. பல்லில் பட்டுவிடக்கூடாது என்று அண்ணாந்து குடிக்க முயலாதீர்கள், சின்னஞ்சிறு கிண்ணம், சூடும் கடுமை.

சாப்பாட்டில் எல்லோரும் ஒரே தட்டில் வலது கையால் எடுப்பார்கள். கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்டவும் செய்வார்கள். குர்ஷா என்னும் இது அன்பின் அடையாளம். எச்சில் என்று தயக்கம் இருந்தால் உட்காரும் முன்பே பக்குவமாகச் சொல்லித் தனித்தட்டு கேளுங்கள். நீட்டிய கையைத் தள்ளினால்தான் மனம் நோகும்.