எல்லா அலைக்கும் 30 நொடி சரிப்படாது

கேள்வி: சயான் கோலிவாடாவில் வசிக்கிறேன். என்னிடம் 18-55 கிட் லென்ஸோடு ஒரு டிஎஸ்எல்ஆர், புதிதாக வாங்கிய என்டி 1000 ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), சாதாரண ட்ரைபாட் இருக்கின்றன. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் போய் எல்லாப் படங்களையும் 30 நொடி ஷட்டர் திறந்திருக்கும்படி எடுத்தேன். முதலில் எடுத்தவை வெளுத்துப் போய்விட்டன. சூரியன் இறங்கிய பிறகு எடுத்தவற்றில் வெளிச்சம் பரவாயில்லை, ஆனால் பாறைகள் மங்கலாக இருக்கின்றன, தண்ணீர் வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்? ட்ரைபாடை மாற்ற வேண்டுமா?

பதில்: செட்டிங்கை அப்புறம் பார்ப்போம். முதலில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பாருங்கள். எத்தனை நொடி என்பதை அதுதான் சொல்ல வேண்டும்.

பேண்ட்ஸ்டாண்டில் அலை பாறை மேல் ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு இடுக்குகள் வழியாகத் திரும்பி இறங்கும். அப்படி இறங்கும்போது நுரை கோடு கோடாகப் பிரியும். அந்தக் கோடுகள் படத்தில் வேண்டுமென்றால் அரை நொடியிலிருந்து ஒன்றரை நொடி வரை போதும். இரண்டு முதல் ஐந்து நொடி வரை கோடுகள் ஒன்றோடொன்று கலந்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரியும். பதினைந்து நொடியைத் தாண்டினால் அடுத்தடுத்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, திசையும் வடிவமும் அழிந்துவிடும். உங்களுக்குக் கிடைத்த புகை இதுதான். அது தவறு என்று சொல்லவில்லை. நீருக்கு மேலே உறுதியான வடிவம் ஏதாவது எழுந்து நின்றால், பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தின் தூண்கள் மாதிரி, 30 நொடி மிக அழகாக இருக்கும். படத்தில் முக்கால்வாசி தண்ணீரும் ஓரத்தில் நாலு தாழ்ந்த பாறைகளும் மட்டும் இருந்தால், பார்ப்பவர் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. பேண்ட்ஸ்டாண்டுக்கு நான் எப்போதும் ஒரு நொடியில்தான் தொடங்கச் சொல்வேன். அலை ஏறும்போது அல்ல, திரும்ப ஆரம்பிக்கும்போது பட்டனை அழுத்துங்கள். எந்த அலை நன்றாக வரும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் ஒரே கோணத்தில் நிறைய எடுங்கள்.

இனி நீர்மட்டம். மும்பையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இதற்கு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே பெரிய உதவி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் கடல் ஏறி நிற்பது நண்பகல், நள்ளிரவு வாக்கில். வற்றி இருப்பது காலை, மாலை ஆறு மணி வாக்கில். அதாவது சூரியன் மறையும் நேரத்தில் பாறைகள் வெகுதூரம் வெளியே தெரியும், குழிகளில் தேங்கிய நீரில் வானத்தின் நிறம் விழும். அஷ்டமி வாக்கில் நேர்மாறு: மாலை ஆறு மணிக்கு நீர் ஏறி நிற்கும். ஆனால் அது சிறிய ஏற்றம்தான். இது கணக்குப் போட்டு நாளைத் தேர்ந்தெடுக்க மட்டும். கிளம்புவதற்கு முன் அன்றைய ஏற்ற, வற்ற நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது, நீர் வற்றி முடித்துத் திரும்ப ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம். ஒவ்வொரு அலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே வந்து புதிய இடுக்குகளில் பாயும். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் ஆறு மணி நேரத்தில் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறும், அதில் பாதி நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடும். நீங்கள் கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருட்டில், வந்த வழி மூழ்கியிருக்கும். பச்சைப் பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள். திரும்பும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறையில் இறங்கவே வேண்டாம். இதே பேண்ட்ஸ்டாண்டில் மழைக்காலத்தில் அலை ஆட்களை இழுத்துப் போயிருக்கிறது. மெரின் டிரைவில் கரையோரம் கிடக்கும் டெட்ராபாட் எனும் நாலு கால் கான்கிரீட் கற்களுக்கும் இதே பேச்சுதான்: மேலே நடைபாதையில் நின்று எடுங்கள், கற்களின் மேல் நிற்காதீர்கள்.

சரி, செட்டிங். ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, ஆட்டோ ஐஎஸ்ஓ அணைத்திருக்க வேண்டும். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 8 முதல் எஃப் 11 வரை; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். வெளிச்சத்தைக் குறைக்க எஃப் 22 வரை போகாதீர்கள், படம் முழுவதும் கூர்மை குறையும். என்டி 1000 என்பது பத்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்), அதாவது நேரத்தை ஏறக்குறைய ஆயிரம் மடங்காக்கும். ஃபில்டர் இல்லாமல் கேமரா 1/125 நொடி காட்டினால், ஃபில்டரோடு சுமார் 8 நொடி. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் 30 நொடி வைத்ததால் ஒளி இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, அதிகமாகி வெளுத்துப் போனது. மறையும் வேளையில் 1/30 காட்டினால் சுமார் 30 நொடி, அதனால்தான் பிந்தைய படங்களில் வெளிச்சம் சரியாக விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு நொடி, இரண்டு நொடி வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை ஆறு ஸ்டாப், அதாவது என்டி 64. கடற்கரைக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். அது வாங்கும் வரை கவலை இல்லை: சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து ஃபில்டரையே கழற்றிவிட்டு எடுங்கள். மும்பையில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், அரை மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். கடல் பாலத்தின் விளக்குகளும் வானத்தின் நீலமும் ஒத்துப்போவது இந்தச் சின்ன இடைவெளியில்தான், அதற்குப் பிறகு நீண்ட எக்ஸ்போஷரில் விளக்குகள் வெளிறிப் பரவும்.

பாறைகள் மங்கலானதற்குக் காரணத்தைப் படமே சொல்லும். கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். பாறையின் விளிம்பு இரட்டையாகவோ ஒரு பக்கமாக இழுபட்டோ தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. இழுபடாமல் எல்லாமே ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. பத்து ஸ்டாப் கண்ணாடி வழியாகக் கேமராவுக்குக் கண் தெரியாது. அதனால் ஃபில்டர் போடும் முன்பே ஃபோகஸ் செய்து, லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றிவிட்டு, பிறகு ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதியை) அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும் அசைவு படத்தில் விழாமலிருக்க இரண்டு நொடி டைமர் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்பதால் வியூஃபைண்டரைத் துணியால் மூடுங்கள், பின்னாலிருந்து ஒளி புகுந்தால் நீண்ட எக்ஸ்போஷரில் படம் கெட்டுவிடும்.

வானம் வெளிச்சமாகவும் பாறை கறுப்பாகவும் இருந்தால் ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு), வானத்துக்கு ஒன்று, கீழ்ப்பகுதிக்கு ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். 1850களிலேயே பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் வைத்து அச்சிட்டார்.

ட்ரைபாடை மாற்ற வேண்டியதில்லை, வைக்கும் விதத்தை மாற்றினால் போதும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மெல்லிய கடைசிக் கால்களை இழுக்காமல் தாழ வையுங்கள். காற்று வீசினால் பையை நடுவில் கட்டுங்கள், அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும், ஆடினால் இன்னும் மோசம். ஜூஹு மாதிரி மணல் கரையில் கால்களை நன்றாக அழுத்திப் புதையுங்கள். இருந்தாலும் அலை திரும்பும்போது காலடி மணலை அரித்து எடுக்கும், கேமரா மெல்லச் சாயும். அங்கே ஈரமணலில் நீர் எட்டாத இடத்தில் நில்லுங்கள்.

ஃபில்டரில் உப்புத் துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடையுங்கள். வீடு திரும்பியதும் ட்ரைபாட் கால்களின் பூட்டுகளைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் விரித்து உலர்த்துங்கள். அதை அன்றிரவே செய்ய வேண்டும். உப்பு காய்ந்து இறுகிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்ரைபாடும் மக்கர் செய்யும்.