பக்கத்து வீட்டு யூதக் குழந்தைகள்: வாசகர் கேள்வி – பதில்

லண்டனின் வடமேற்கே ஹெண்டன், எட்ஜ்வேர், கோல்டர்ஸ் கிரீன் பக்கம் தமிழர் வீடும் யூதர் வீடும் அடுத்தடுத்து இருக்கும் தெருக்கள் உண்டு. நம் பெண்கள் சிலர் அந்த வீடுகளில் குழந்தை பார்க்கும் வேலைக்கும் போகிறார்கள். அவர்களிடமிருந்தும் அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சமய விதிகளை முழுதாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதோடு நின்றுவிடும் யூதர்களும், எதையுமே பார்க்காத யூதர்களும் நிறையப் பேர்.

கேள்வி: யூத வீடொன்றில் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. சமையலறையில் இரண்டு சிங்க், இரண்டு செட் பாத்திரம். எங்கே தப்பு நேரும் என்று பயமாக இருக்கிறது. (வாசகி, ஹாரோ)

இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் விதி, அதனால் இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட். பெரும்பாலும் சிவப்பு நிறம் இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை இரண்டிலும் சேராத ‘பார்வே’ உணவுக்கு. காய்கறி, பழம், முட்டை, மீன் எல்லாம் பார்வே. கரண்டி, கத்தி, வெட்டும் பலகை, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச், துடைக்கும் துணி என்று எல்லாமே தனித்தனி. தட்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறவர்கள்கூட ஸ்பாஞ்சில்தான் கோட்டை விடுவார்கள். முதல் நாளே அம்மாவிடம் கேட்டு, அலமாரிக் கதவுகளில் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பல வீடுகளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும்.

தப்பு நடந்துவிட்டால், இறைச்சி சூப் கிண்ணத்தில் பால் கரண்டி விழுந்துவிட்டது என்று வையுங்கள், உடனே கழுவி ஒளித்துவைக்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். தனியாக எடுத்து வைத்துவிட்டு, உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள். வீட்டார் தங்கள் ரபியிடம் (யூத மதகுரு) கேட்பார்கள். அவர் கேட்கும் விவரங்கள் இவை: உணவு சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? அந்தக் கரண்டியைக் கடைசியாகச் சூடான பால் உணவில் போட்டு 24 மணி நேரம் ஆகிவிட்டதா? விழுந்ததைப் போல 60 மடங்கு உணவு பாத்திரத்தில் இருந்ததா? பல சமயம் ‘ஒன்றுமில்லை, சாப்பிடலாம்’ என்றே பதில் வரும். ஆனால் அதைச் சொல்ல அவருக்குத் தகவல் வேண்டும்.

அடுத்தது சமையல். பொருள் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது), பாத்திரம் கோஷர் என்றாலும், யூதரல்லாத ஒருவர் தனியாகச் சமைத்தால் சில உணவுகளை அவர்கள் சாப்பிடுவதில்லை. பச்சையாகத் தின்ன முடியாத, விருந்தில் வைக்கத் தகுந்த உணவுக்குத்தான் இந்த விதி. சோறும் அவித்த முட்டையும் இதில் அடங்கும். ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசி வீடுகளில் அடுப்பை வீட்டார் பற்றவைத்தால் போதும், மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஈராக், மொராக்கோ போன்ற நாடுகளின் வழி வந்த செபார்டி வீடுகளில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவர்களாகவே இருக்க வேண்டும். அதனால்தான் அந்த அம்மா காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போவார். ‘நானே போட்டுக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள்’ என்று உபசாரம் சொல்லாதீர்கள். முன்பே சமைத்ததைச் சுடவைத்துக் கொடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் உணவுக்குப் பெரியவர்கள் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள். ஜெர்மன் வழிக் குடும்பங்களில் 3, டச்சு வழியில் 1. சின்னக் குழந்தைக்கு இவ்வளவு கெடு இல்லை, வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மதியம் கோழி சாப்பிட்ட நான்கு வயதுப் பிள்ளை மூன்று மணிக்குத் தயிர் கேட்டு அழுதால் கொடுக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மகளின் யூதத் தோழி விளையாட வருகிறாள். சைவ வீட்டில் எதையும் கொடுக்கலாம்தானே? (வாசகர், எட்ஜ்வேர்)

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இறைச்சி இல்லாததால் பெரிய சிக்கல் போய்விடுகிறது, ஆனால் பாத்திரக் கணக்கும் மேலே சொன்ன சமையல் விதியும் அப்படியே இருக்கின்றன. அதனால் இட்லி, உப்புமா, கேசரி எதுவும் வேண்டாம். கடையில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டு விற்கும் சீஸும் ஆகாது, சீஸுக்கு யூத மேற்பார்வை வேண்டும். பழச்சாறு டப்பா வாங்கினால் திராட்சைச் சாறு கலந்ததா என்று பாருங்கள். மேற்பார்வை இல்லாத திராட்சைச் சாற்றைக் குடிக்க மாட்டார்கள், முழுத் திராட்சைக்குத் தடை இல்லை. கம்மி மிட்டாயில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சிவப்பு நிற மிட்டாய்களில் வரும் E120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம்.

கொடுக்கக்கூடியது: தோல் உரிக்காத வாழைப்பழம், முழு ஆப்பிள், மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி, காகிதத் தட்டு. பாக்கெட் தின்பண்டம் என்றால் கோஷர் முத்திரை உள்ளது, அல்லது லண்டன் பெத்தின் எனப்படும் யூத சமய நீதிமன்றத்தின் பட்டியலில் உள்ளது. பட்டியலைக் கைபேசியிலேயே பார்க்கலாம்.

ஒரு வேடிக்கை. இஸ்ரேலிலிருந்து வந்த பழம்தான் பாதுகாப்பு என்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் சிக்கல் அதிகம் அதில்தான். அந்த மண்ணில் விளைந்ததற்குத் தசமபாகம் பிரிக்க வேண்டும், ஏழு ஆண்டுக்கொரு முறை நிலத்துக்கு ஓய்வு விடும் விதியும் உண்டு (கடைசி ஓய்வாண்டு 2021–22). பெருவிலோ கென்யாவிலோ விளைந்த அவகாடோவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

கோயில் பிரசாதம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். வேறு சமயத்தில் படைத்த பொருளைத் தொடுவதில் அவர்கள் மிகவும் கறார். 2004இல் திருப்பதியில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்குகள் ஆகாது என்று ஜெருசலேம் ரபி எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னபோது, தலைமுடியை மறைக்க விக் அணியும் திருமணமான யூதப் பெண்கள் பலர் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். எனவே பொங்கலைக் கொடுத்துவிட்டு ‘சாமிக்குப் படைத்தது’ என்று அன்போடு சொன்னால் அந்தத் தாய் தர்மசங்கடப்படுவார்.

கேள்வி: வெள்ளி இரவு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ‘குழந்தை அறையில் ஹீட்டர் நின்றுவிட்டது’ என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், ஹெண்டன்)

போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னர் ஷபாத் என்ற வார ஓய்வு நாள் தொடங்குகிறது, சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை நீடிக்கும். அதுவரை சுவிட்சைத் தொடுவது, நெருப்பு மூட்டுவது, எழுதுவது, சமைப்பது எதுவும் இல்லை. தாங்கள் செய்யக்கூடாததை இன்னொருவரைச் செய்யச் சொல்வதும் பொதுவாகக் கூடாது. ஆனால் சின்னக் குழந்தையின் அவசியத் தேவை நோயாளியின் தேவைக்குச் சமம், கடுங்குளிரும் அப்படித்தான். அதற்காக நேராகவே கேட்கலாம் என்றாலும், ஏவாமல் நிலைமையை மட்டும் சொல்லிப் பழகிவிட்டவர்கள் பலர்.

உள்ளே போனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று அவர்களுக்காக நீங்களாக விளக்குப் போடாதீர்கள், அந்த வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்த முடியாமல் போகலாம். எரியும் விளக்கைப் பழக்கதோஷத்தில் அணைத்தும் விடாதீர்கள். விருந்தாளி கழிவறையிலிருந்து வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டால், மறுநாள் இரவு வரை அந்த வீட்டுப் பிள்ளைகள் இருட்டில்தான் போய்வர வேண்டும். அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். செய்த உதவிக்கு அப்போதே பணமும் எதிர்பார்க்க வேண்டாம், ஷபாத்தில் காசைத் தொட மாட்டார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதிகள் எதுவும் நிற்காது. அவர்களே 999ஐ அழைப்பார்கள், காரை ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் வேறு ஆளைத் தேடிக்கொண்டு நிற்பதுதான் தவறு.

கேள்வி: அப்படியானால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு 25 மணி நேரம் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? (வாசகி, வெம்பிளி)

எல்லாம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். குளிர்பெட்டியின் உள்விளக்கு கழற்றப்படும் அல்லது டேப் ஒட்டப்படும். கழிவறைக் காகிதம் கிழித்து அடுக்கப்படும். சூடான உணவு தட்டையான மின்தட்டின் மேல், வெந்நீர் பெரிய கெட்டிலில், இரண்டும் முன்பே போட்டபடி இருக்கும். டயப்பர் மாற்றத் தடையில்லை. ஈரத்துணியைப் பிழிவது கூடாது என்பதால் வெட் வைப்ஸ் விஷயத்தில் ரபிகளுக்குள் இரு கருத்து. ஒப்பாதவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள், நமக்கு அது புதிதல்ல.

புட்டிப்பால்தான் கொஞ்சம் நுணுக்கமானது. பால் பவுடரைக் குறைந்தது 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி, கிருமி சாவதற்காக. ஷபாத்திலோ கொதிநீரை நேராக ஒரு பொருளின் மேல் ஊற்றுவது சமையலாகிவிடக்கூடும். பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினால் ஷபாத்துக்குச் சரி, ஆனால் சூடு 70க்குக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டாமல் இருக்க எளிய வழி, கரைத்தே வரும் திரவப் பால் டப்பா. சில்லிப்பு நீங்க, வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் புட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும்.

தள்ளுவண்டி இன்னொரு பாடு. பொதுத் தெருவில் எதையும் சுமப்பதோ தள்ளுவதோ கூடாது. ‘ஏரூவ்’ என்ற எல்லை இருந்தால் மட்டும் அதற்குள் தள்ளலாம். கம்பங்களும் மெல்லிய கம்பியும், இருக்கிற சுவர்களும் வேலிகளும் சேர்ந்தே அந்த எல்லை. வடமேற்கு லண்டனில் அது 2003இல் வந்தது. அதற்கு முன் கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்தான். வாராவாரம் யாராவது சுற்றிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். காற்றில் கம்பி அறுந்தால் அந்த வாரம் வண்டி வெளியே வராது.

நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். டிசம்பரில் லண்டனில் பிற்பகல் 3.35 வாக்கில் ஷபாத்தைத் தொடங்கும் மெழுகுவர்த்தியை ஏற்றியாக வேண்டும், எனவே யூதப் பள்ளிகள் வெள்ளியன்று சீக்கிரமே விட்டுவிடும். ஜூனில் இரவு 9 மணி ஆகும். அதுவரை குழந்தைகள் தாங்க மாட்டார்கள் என்று பல குடும்பங்கள் ஷபாத்தை முன்கூட்டியே தொடங்கிவிடும். சிங்கப்பூரில் வாழும் யூதக் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, பூமத்தியரேகையை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே நேரம்.

கேள்வி: யூதத் தோழி கர்ப்பமாக இருக்கிறாள். வளைகாப்பு மாதிரி ஒன்று செய்து குழந்தைத் துணி பரிசளிக்கலாமா? (வாசகி, கிங்ஸ்பரி)

வேண்டாம். பிறக்கும் முன் குழந்தைப் பொருள் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பங்கள் பல. தொட்டிலைக்கூடக் கடையிலேயே பதிவு செய்து வைத்து, பிறந்த பிறகே எடுப்பார்கள். வாழ்த்துச் சொல்வதானாலும் ‘மசல் தோவ்’ (நல்வாழ்த்து) இப்போது அல்ல. ‘பெஷா தோவா’, நல்ல வேளையில் ஆகட்டும் என்று சொல்லுங்கள். பெயரையும் கேட்காதீர்கள். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதுதான் பெயர் வெளியே வரும், மஞ்சள் காமாலை இருந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

கேள்வி: எதிர்வீட்டுப் பையனுக்கு மூன்று வயதாகப் போகிறது, இன்னும் முடி வெட்டவில்லை. வேண்டுதலா? (வாசகர், கோல்டர்ஸ் கிரீன்)

வேண்டுதல் அல்ல, வழக்கம். பெயர் ‘உப்ஷெரின்’. ஹசிதிக் என்ற தீவிர பக்திப் பிரிவினரின் குடும்பங்களிலும் வேறு பலரிடமும் உண்டு, எல்லா யூதரிடமும் இல்லை. மரம் நட்டு முதல் மூன்று ஆண்டு அதன் கனியைத் தின்னாதது போல, பையனின் முடியையும் மூன்று வயது வரை தொடுவதில்லை. நம் மொட்டையோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம், காதோரக் கற்றையை விட்டுவிடுவார்கள். அன்றே தலைக்குச் சின்னத் தொப்பி வரும். எபிரேய எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பதும் உண்டு. பரிசுக்குப் படப் புத்தகம் நல்லது.

கேள்வி: யூதக் குழந்தைகள் ஆறு மாதத்திலேயே கடலைப் பண்டம் தின்பதைப் பார்த்தோம். ஒவ்வாமை வராதா? (வாசகி, நார்தோல்ட்)

நீங்கள் பார்த்தது ‘பம்பா’வாக இருக்கும். நிலக்கடலையும் சோளமும் சேர்ந்த, வாயில் கரையும் பொரி, இஸ்ரேலில் 1960களிலிருந்து விற்கிறது. லண்டனில் இதைச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. 2008இல் ஓர் ஆய்வு பிரிட்டனின் யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேலின் யூதப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. கடலை ஒவ்வாமை இங்கே 1.85%, அங்கே 0.17%. அங்கே கைக்குழந்தைகள் கடலை தின்றார்கள், இங்கே அந்நாளைய அறிவுரைப்படி தவிர்த்தார்கள். அதைத் தொடர்ந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2015இல் வெளிவந்தது. சீக்கிரமே கடலை தின்ற குழந்தைகளிடம் ஐந்து வயதில் ஒவ்வாமை 81% குறைவு.

அளவு: ஒரு வேளைக்கு 2 கிராம் கடலைப் புரதம், வாரம் மூன்று முறை. பம்பாவில் அது சுமார் 21 துண்டு. ஏழு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 4 முதல் 6 தேக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்க வேண்டும். கட்டியில்லாத கடலை வெண்ணெய் என்றால் 2 தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீரில் நீர்க்கக் கரைத்து. குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ (எக்ஸிமா) முட்டை ஒவ்வாமையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முழுக் கடலை ஐந்து வயது வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: பஸ்கா பண்டிகை வருகிறதென்று நான் வேலை செய்யும் வீட்டில் பொம்மைகளைக்கூடக் கழுவச் சொல்கிறார்கள். எதுவரை கழுவ வேண்டும்? (வாசகி, ஹாரோ)

கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகியவற்றில் செய்த ரொட்டியோ பிஸ்கட்டோ அந்த நாள்களில் வீட்டில் இருக்கவே கூடாது. இஸ்ரேலில் 7 நாள், வெளிநாட்டில் 8. தூசு வேறு, உணவு வேறு என்பதை நினைவில் வைத்தால் வேலை பாதியாகும். நாய்கூடத் தின்னாத அளவுக்குக் கெட்டுப்போன துணுக்குக் கணக்கில் இல்லை. கைக்கு எட்டாத இடுக்கில் சோப்புக் கரைசலைத் தெளித்து ஊறவிட்டாலே போதும் என்பார்கள். காரின் குழந்தை இருக்கையை உறை கழற்றி உதறி வாக்குவம் போடுங்கள், பிஸ்கட் சேருவது அங்கேதான். தள்ளுவண்டியின் அடிக்கூடையும் அப்படியே. உயர நாற்காலித் தட்டின் மேல் ஃபாயில் ஒட்டிவிடுவார்கள்.

பலர் மறப்பது பிள்ளைகள் களிமண் போல உருட்டி விளையாடும் மாவு (ப்ளே-டோ). அதில் கோதுமை மாவு இருக்கிறது. அதைக் கழுவ முடியாது, மூட்டை கட்டி விற்பனை அலமாரியில் வைக்க வேண்டும். ரபி மூலம் யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிடும் பொருள்கள் அங்கே இருக்கும், பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். டேப் ஒட்டிய அந்தக் கதவை மறந்தும் திறக்காதீர்கள். உங்கள் மதியச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி கொண்டுவருவதையும் அந்த வாரம் நிறுத்திக்கொள்ளுங்கள். அஷ்கனாசி வீடென்றால் சோறும் பருப்பும்கூடப் பெரியவர்களுக்கு விலக்கு. கைக்குழந்தைக்குத் தேவையென்றால் தனிப் பாத்திரத்தில் கொடுப்பார்கள்.

முந்தைய இரவு 10 ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்து, மெழுகுவர்த்தியும் இறகுமாகப் பிள்ளைகளைத் தேடச் சொல்வார்கள். ஒளித்து வைக்கும் வேலை உங்களுக்கு வந்தால், பத்து இடங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒளியுங்கள்.