காகிதச் சுருள் பூக்களும் இலைகளும்: கேள்வி பதில்

கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளில் குவில்லிங் பூக்கள், அதாவது மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டிச் செய்யும் பூக்கள், ஒட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: புதிதாகத் தொடங்குகிறேன். எந்த அகலப் பட்டை, என்ன கருவி வாங்குவது?

அட்டைக்கு 3 மி.மீ. அகலப் பட்டை போதும். 5 மி.மீ. பட்டையில் செய்த பூ எடுப்பாக நிற்கும், ஆனால் உறைக்குள் போட்டால் நசுங்கிவிடும். கருவி என்றால், நுனியில் பிளவு உள்ள குவில்லிங் டூல் ஒன்று. கை பழகிய பிறகு பிளவில்லாத ஊசியில் சுற்றிப் பாருங்கள், நடுத் துளை இன்னும் சிறிதாக வரும். மற்ற சாமான்களைத் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே பூவின் ஐந்து இதழ்களும் ஐந்து அளவில் வருகின்றன. பட்டைகளை ஒரே நீளத்தில்தான் வெட்டுகிறேன். எங்கே தவறு?

நீளம் சரியாக இருந்தால், சுருளைத் தளர விடும் இடத்தில்தான் பிசகு. இறுக்கமாகச் சுற்றிய சுருளை விட்டதும் அது தானாக விரியும். ஒன்றை உடனே பிடித்து ஒட்டிவிட்டு இன்னொன்றைக் கொஞ்ச நேரம் விட்டால், இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. வட்டத் துளைகள் உள்ள அளவுப் பலகையோ, வட்டங்கள் உள்ள வரைகலை ஸ்கேலோ எடுத்துக்கொள்ளுங்கள். சுருளை ஒரே துளைக்குள் விட்டு, அசைவு நின்ற பிறகு எடுத்து நுனியை ஒட்டுங்கள். பலகை இல்லாவிட்டால் தாளில் ஒரு வட்டம் வரைந்து அதன்மேல் வைத்து ஒப்பிடலாம்.

சுற்றும்போது விரல் கொடுக்கும் இழுப்பும் முக்கியம். ஒரு பூவின் இதழ்கள் அத்தனையையும் ஒரே அமர்வில் சுற்றுங்கள். ஐந்து வேண்டுமென்றால் ஏழு செய்து, ஒத்துப்போகும் ஐந்தைப் பொறுக்குங்கள். மிஞ்சிய இரண்டும் மொட்டாகும்.

கேள்வி: நீர்த்துளி வடிவத்துக்குக் கிள்ளும்போது உள்சுற்றுகள் கலைந்து எங்கெங்கோ போய்விடுகின்றன.

கிள்ளுவதற்கு முன் நடுச்சுருளை ஊசி முனையால் ஒரு பக்கமாகத் தள்ளி, அங்கேயே விரலால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைக் கிள்ளுங்கள். சுற்றுகள் விசிறிபோல் ஒரே சீராக விரியும். பட்டை ஒட்டிய இடம் கிள்ளும் முனையில் வரும்படி வைத்தால் அந்த ஒட்டும் மறைந்துவிடும்.

கேள்வி: காய்ந்த பிறகு பசை பளபளவென்று தெரிகிறது.

பசை அதிகம். வெள்ளைப் பசை காய்ந்தால் நிறமற்றுத்தான் போகும், ஆனால் மினுக்கம் நிற்கும். மூடியில் ஒரு சொட்டு விட்டு, குண்டூசி முனையால் தொட்டு வையுங்கள். கடுகளவுகூட வேண்டாம். பட்டையின் நுனியைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால், மெலிந்த அந்த ஓரம் சுருளோடு படிந்துவிடும், குறைந்த பசையிலேயே நிற்கும்.

கேள்வி: பூக்கள் நன்றாக வருகின்றன. ஆனால் அட்டை முழுதும் ஏனோ உயிரில்லாமல் இருக்கிறது. இலைக்குப் பச்சையில் கண் வடிவம் (இரு முனையும் கிள்ளிய சுருள்) வைக்கிறேன்.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிரம்ப மகிழ்ச்சி. பூவுக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் இலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அட்டையில் அசைவைக் கொண்டுவருவது இலைதான்.

கண் வடிவத்தை விட வேண்டாம், அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் லேசாக வளையுங்கள். காற்றில் திரும்பிய இலை கிடைத்துவிடும். அடுத்து நிறம்: அடர்பச்சைப் பட்டையின் நுனியில் இளம்பச்சைப் பட்டையை ஒட்டி நீளமாக்கி, அடர்பச்சை முனையிலிருந்து சுற்றுங்கள். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் தளிர் நிறம்.

எனக்கு மிகவும் பிடித்தது வளைய இலை. பட்டையின் அடியில் சிறு வளையம் ஒன்று மடித்து ஒட்டி, அதைச் சுற்றி அதைவிடச் சற்றுப் பெரிய வளையம், பிறகு இன்னொன்று என்று அடுக்குங்கள். ஒவ்வொரு வளையமும் அடியில் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும், அங்கே மட்டும் பசை. கடைசியில் மேல் முனையைக் கிள்ளினால் நரம்போடிய இலை தயார். தலை வாரும் சீப்பின் பற்களில் பட்டையைச் சுற்றியும் இதுபோல் அடுக்கு வளையங்கள் எடுக்கலாம்.

அப்புறம், இலைகளைப் பூவைச் சுற்றிச் சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று, அதுவும் பாதி பூவுக்கு அடியில் புகுந்தபடி இருக்கட்டும். எல்லாவற்றையும் பசையில்லாமல் அட்டையில் வைத்துப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒட்டுங்கள்.

கேள்வி: சாமந்தி போன்ற இழைப் பூ எப்படி?

10 மி.மீ. பட்டை எடுத்து, ஒரு ஓரத்தில் 2 அல்லது 3 மி.மீ. விட்டு, மீதியை இழை இழையாக நெருக்கமாக நறுக்குங்கள். முதலில் 3 மி.மீ. மஞ்சள் பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன் முடிவில் இந்த இழைப் பட்டையை ஒட்டித் தொடர்ந்து சுற்றுங்கள். அடிப்பசை நன்றாகக் காய்ந்த பிறகே இழைகளை விரலால் வெளிப்பக்கம் மலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் மொத்தமும் பிரிந்துவிடும்.

கேள்வி: பட்டைகளை நானே வெட்டலாமா?

தாராளமாக. 100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் நல்லது. 80 ஜிஎஸ்எம்மிலும் முடியும், சுருள் கொஞ்சம் தொய்வாக இருக்கும். வெட்டுமுன் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ, பட்டையின் நீளம் அந்தத் திசையில் இருந்தால் மடிப்பு விழாமல் சுருளும்.

கேள்வி: தபாலில் அனுப்பினால் தாங்குமா? நிறம் மங்காமல் இருக்குமா?

அடித்தளம் 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கெட்டி அட்டையாக இருக்கட்டும். சாதாரண உறை வேண்டாம். பூவின் உயரத்தைவிட ஆழமான அட்டைப் பெட்டியில் அசையாமல் வைத்து அனுப்புங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, அமிலமற்ற தாள் சீக்கிரம் பழுக்காது. ஆனாலும் எந்தத் தாளுக்கும் நேர் வெயில் ஆகாது, ஈரமும் ஆகாது. பெறுபவர் அதை மாட்டி வைக்க நினைத்தால், சற்று ஆழமான கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, வெயில் விழாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.