30 நாளில் 30 கோடி: நீங்கள் தேடும் படம்

வணக்கம். பணத்தைச் செலவழிக்கத் திணறும் நாயகன், வீடியோவில் பேசும் அப்பா என்று இரண்டு அடையாளம் சொல்லியிருந்தீர்கள். அது 1997இல் வந்த 'அருணாச்சலம்'தான். சுந்தர் சி இயக்கம், கிரேசி மோகன் வசனம். அப்பா, மகன் இருவருமே ரஜினி. அப்பாவின் நிபந்தனைப்படி, 30 நாளில் 30 கோடியைக் கரைத்தால்தான் 3000 கோடி சொத்து கைக்கு வரும். காசு போக வேண்டிய இடத்தில் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அந்தப் பதற்றம்தான் படத்தின் உயிர்! கதையின் மூலம் 1902இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவல். தாத்தாவோடு பார்க்கக் கேட்டீர்களே, தாராளமாகப் போடுங்கள். சண்டையும் உண்டு, ஆனால் சிரிப்புதான் அதிகம். அப்புறம், ருத்ராட்சக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.